மார்லிஸ் வீட்டில் யாரும் ஜோக் சொல்வதில்லை

மார்லிஸ் டெக்ரூட் செதுக்கி வைக்கும் பூசணிக்காயைப் பார்த்தால் ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிடுவார்கள். இதில் அவளுக்குப் பெருமை எதுவும் கிடையாது. ஹாலோவீனுக்கு வாசற்படியில் வைக்கிற பூசணி வருகிறவரைப் பயமுறுத்த வேண்டும், இல்லாவிட்டால் சிரிக்கவைக்க வேண்டும். அவளுடையது இரண்டையும் செய்யாது. கண்ணை மூடி, உதட்டைச் சேர்த்து, ஊரில் எல்லாரையும் மன்னித்துவிட்ட முகத்தோடு உட்கார்ந்திருக்கும்.

காரணம் அவள் பார்க்கிற வேலை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டெ மொய்ன் நகரத்திலிருந்து முக்கால் மணி நேரம் சோளக்காட்டுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போனால் வரும் வில்லட் க்ரோவ் என்ற ஊரில், இறந்தவர்களுக்குத் தலை வாரி முகம் திருத்துகிறவள் அவள். ஊரில் இருப்பது ஒரே ஈமச்சடங்கு நிலையம். அதில் இருபத்தேழு வருஷமாக இருக்கிறாள். அங்கே அவளுக்கென்று ஓர் அறை, ஒரு நாற்காலி, ஒரு காபி மெஷின். மெஷின் மட்டும் அடிக்கடி ரிப்பேர் ஆகும்.

அதற்கு முன்பு மூன்று நாற்காலி போட்ட சலூன் வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் முடிக்குச் சுருள் வைத்துக்கொள்ள வரும் ஐயோன் சான்ட்விக் ஒரு புதன்கிழமை இறந்துபோனாள். அவள் மகள் சலூனுக்கு வந்து நின்று, "அம்மாவுக்கு வகிடு எந்தப் பக்கம்னு எங்க யாருக்கும் தெரியலை. உங்களுக்குத்தான் தெரியும்" என்று அழுதாள். மார்லிஸ் தன் சீப்பையும் சுருள் உருளைகளையும் எடுத்துக்கொண்டு போய் அரை மணி நேரத்தில் வேலையை முடித்தாள். நிலையத்தின் முதலாளி, "மறுபடியும் வருவீங்களா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தாள். உயிரோடு இருக்கிறவர்கள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்கள். இவர்களிடம் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு வருஷத்தில் சலூனை மூடிவிட்டாள்.

அன்றிலிருந்து ஊர் அவளிடம் மெல்லப் பேச ஆரம்பித்தது. கடைக்குள் அவள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். வரிசையில் முன்னால் இருக்கிறவர்கள் ஒதுங்கி, "நீங்க போங்க, மிஸஸ் டெக்ரூட்" என்பார்கள். எல்லார் வீட்டிலும் யாராவது ஒருவர் அவள் கையால் கடைசியாகத் தலை வாரிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்த நன்றியை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் குரலைத் தாழ்த்திக் காட்டினார்கள். நல்ல மனிதர்கள்தான். நல்ல மனிதர்கள் படுத்துகிற பாடு இருக்கிறதே, அதற்குப் புகார் கொடுக்கவும் இடம் கிடையாது.

உண்மையில் மார்லிஸ் பெரிய குறும்புக்காரி. அது தெரிந்தவர்கள் இரண்டே பேர்: தானியக் கிடங்கில் வேலை பார்க்கும் புருஷன் ஜீன், எதிர் வீட்டு ட்வைலா. தன் ஜோக்குகளை எல்லாம் அவள் வேலை நேரத்தில், மேசையில் படுத்திருப்பவர்களிடம் சொல்லித் தீர்த்துக்கொண்டாள். அவர்களில் யாரும் இதுவரை சிரித்ததில்லை. ஆனால் நடுவில் குறுக்கிட்டதும் இல்லை.

இப்படி இருக்கிறவளுக்கு வருஷத்திலேயே கஷ்டமான நாள் அக்டோபர் முப்பதாம் தேதி. அந்தப் பக்கத்து ஊர்களில் பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு மிட்டாய் கேட்டு வருவது ஹாலோவீனுக்கு முந்தின நாள் மாலை, ஆறு முதல் எட்டு வரை. சும்மா கேட்டால் கிடைக்காது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு ஜோக் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு வீட்டுக்காரர் சிரிக்க வேண்டும், அல்லது சிரித்த மாதிரி காட்ட வேண்டும். அப்புறம்தான் மிட்டாய். வாயே திறக்காத கூச்சக்காரப் பிள்ளைகூட அன்றைக்கு ஒரு ஜோக்கை மனப்பாடம் செய்துகொண்டு வரும்.

மார்லிஸ் வீட்டில் மட்டும் சொல்லாது. இருபத்தேழு வருஷமாக ஒரு பிள்ளை சொன்னதில்லை. தெருவிலேயே அவள் ஒருத்திதான் முழு அளவு சாக்லேட் கொடுப்பாள். மற்ற வீடுகளில் கட்டைவிரல் அளவுதான். ஆனாலும் கடற்கொள்ளைக்காரனும் சூனியக்காரியும் டைனோசரும் படியேறி வந்து, கையைக் கட்டி நின்று, "ரொம்ப நன்றி, மிஸஸ் டெக்ரூட்" என்று சொல்லிவிட்டு அடி மேல் அடி வைத்து இறங்கிப் போவார்கள். ஒரு வருஷம் ஒரு குட்டி சிலந்தி, "உங்க துக்கத்துல நாங்களும் பங்கெடுத்துக்கிறோம்" என்றது. யார் சொல்லிக் கொடுத்தார்களோ. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு ஜோக். மட்டமான ஜோக்காக இருந்தாலும் பரவாயில்லை.

பழியைப் பூசணி மேல் போட்டு, அதைத் திருத்தப் பார்த்தாள். அவள் செதுக்குகிற விதமே வேறு. மற்றவர்கள் தலையில் மூடி மாதிரி வட்டமாக வெட்டி விதையை எடுப்பார்கள். அவள் அடிப்பக்கம் வெட்டுவாள், ஏனென்றால் தலையில் முடி வைக்க வேண்டும். மற்றவர்கள் முக்கோணக் கண்ணும் ஓட்டைப் பல்லும் அறுத்துத் தள்ளுவார்கள். அவள் தோலை மட்டும் சீவி, சதையிலேயே கன்னமும் நெற்றிச் சுருக்கமும் எடுப்பாள். கண்ணிமையை வெங்காயத் தோல் அளவுக்கு மெல்லிசாகச் சீவுவாள், உள்ளே விளக்கு வைத்தால் அது இளஞ்சிவப்பாகத் தெரியும். அப்புறம் ப்ளீச் கலந்த தண்ணீரில் முக்கி எடுத்து, சீவின இடமெல்லாம் வாஸ்லின் தடவி, வெடிப்பு வந்தால் நிலையத்து மெழுகால் அடைப்பாள். மற்றவர்கள் பூசணி பத்து நாளில் சரிந்துவிடும். அவளுடையது நவம்பர் கடைசியில் நன்றி நாள் வான்கோழி மேசைக்கு வந்த பிறகும் அப்படியே இருக்கும். குப்பையில் போட ஜீனுக்கு மனசு வராது.

ஒரு வருஷம் பிடிவாதமாகக் கண்ணைத் திறந்தே வெட்டினாள். இரவுச் சாப்பாட்டின்போது ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. வெட்டி எடுத்த துண்டுகளைக் குப்பையிலிருந்து பொறுக்கி, பல்குத்தும் குச்சியால் பொருத்திக் கண்ணை மூடிவிட்டுத்தான் தூங்கப் போனாள். இன்னொரு வருஷம் தீயணைப்பு நிலையத்தில் நடக்கும் பூசணிப் போட்டிக்கு ஒரு சூனியக்காரி முகத்தைச் செதுக்கிக் கொண்டுபோனாள். நடுவர்கள் மூன்று பேரும் அதன் முன்னால் ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார்கள். பயங்கரத்துக்கான பரிசு வேறு யாருக்கோ போயிற்று. இவளுக்கென்று 'மிகவும் மதிப்புக்குரிய பூசணி' என்று ஒரு தனிப் பரிசை அங்கேயே உண்டாக்கிக் கொடுத்தார்கள். மறுநாள் யாரோ வாசலில் ஒரு பெரிய பாத்திரம் நிறையப் பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்கு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அது அந்த ஊரில் சாவு வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிற சாப்பாடு. ஜீன் இரண்டு நாள் அதைச் சாப்பிட்டான். நன்றாக இருந்தது என்றான்.

இந்த வருஷம் அக்டோபர் வெயில் மண்டையைப் பிளந்தது. குளிர ஆரம்பிக்க வேண்டிய நேரம், பாதி மாதம் போயும் எண்பது டிகிரி ஃபாரன்ஹீட். அப்படியும் ட்வைலா அவசரப்பட்டு முதல் வாரமே தன் பூசணியை வெட்டி வைத்துவிட்டாள். மார்லிஸ் ஒரு நாள் தெருவைக் கடந்து அதைப் பார்க்கப் போனாள். அது வாய் உள்ளே இழுத்து, ஒரு கன்னம் சரிந்து, கண்ணுக்குள் கறுப்புப் பூஞ்சை பூத்து உட்கார்ந்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த நாலு பிள்ளைகள் அதன் முன்னால் நின்று, "ஐயே! ஐயே!" என்று கத்தி, ஒருவரையொருவர் அதன் மேல் தள்ளிவிட்டு, உருண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். மார்லிஸைக் கண்டதும் வரிசையாக நின்று வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

"ட்வைலா, உண்மையைச் சொல்லு. உன் வீட்ல பிள்ளைங்க ஜோக் சொல்லுதுங்களா?"

"சொல்லாம? போன வருஷம் நாப்பத்திமூணு. அதுல முப்பது, கோழி ஏன் ரோட்டைத் தாண்டுச்சுங்கிற அதே பழசு."

"என்கிட்ட ஏன் சொல்றதில்லை?"

ட்வைலா தன் செருப்பைப் பார்த்தாள். "சொல்லக் கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்புறோம்."

"யாரு?"

"எல்லாரும்தான். நானே என் பசங்களை அப்படித்தான் வளர்த்தேன். பாவம், அந்தம்மா நாள் பூரா எங்க இருந்துட்டு வருது, அங்க போய் ஈன்னு இளிச்சுக்கிட்டு நிக்காதீங்கன்னு. மரியாதைக்குத்தான்டி."

"மரியாதை எனக்குப் போதும் ட்வைலா. தொண்டை வரைக்கும் இருக்கு."

"உன் பூசணியும் லேசுப்பட்டதில்லை. அது முன்னால நின்னுக்கிட்டு யாருக்கு ஜோக் வரும்? போன வருஷம் எனக்கே ஜெபம் பண்ணத் தோணுச்சு."

மார்லிஸ் அந்த அழுகின முகத்தையே பார்த்தாள். "இதுக்கு நீ என்னதான் பண்ணினே?"

"ஒண்ணுமே பண்ணலை."

"அழுகுது, ட்வைலா."

"அழுகட்டுமே. அது பூசணிக்காய். அதோட சொந்தக்காரங்க யாரும் கடைசியா ஒரு தடவை பார்க்கணும்னு வரப் போறதில்லை."

பதினாறாம் தேதி மார்லிஸ் தன் பூசணியைச் செதுக்கினாள். எழுபது வயசுப் பெண் முகம், மூடின கண், அழகான மூக்கு. ப்ளீச் வாளியை எடுக்கப் போன கையை நடுவில் நிறுத்தினாள். வாஸ்லின் டப்பாவைக் கொண்டுபோய் ஜீனிடம் நீட்டினாள்.

"இதை உன் வண்டியில வச்சுப் பூட்டு. நானே கேட்டாலும் குடுக்காதே."

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம் ஆகிவிட்டதால் ஜீன் ஏன் என்று கேட்கவில்லை. டயர் காற்று பார்க்கும் கருவிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினான். மூன்றாம் நாள் அவள் கேட்டாள். அவன் கொடுக்கவில்லை. சாவியைக் கேட்டாள். அவன் கிடங்குக்குப் போய்விட்டான்.

அவள் நேரே கடைக்குப் போய்ப் புது டப்பா எடுத்தாள். வரிசையில் முன்னால் ஐந்து பேர் நின்றார்கள். ஐந்து பேரும் ஒதுங்கி வழிவிட்டு, "நீங்க போங்க, மிஸஸ் டெக்ரூட்" என்றார்கள், மெல்ல. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

அப்புறம் வந்த நாட்கள் அவளுக்கு நரகம். அழுகலைத் தடுப்பதே வேலை என்று இருபத்தேழு வருஷம் இருந்தவள், தன் வாசலிலேயே ஒரு முகம் கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியிருந்தது. அணில் வந்து ஒரு காதைத் தின்றுவிட்டுப் போயிற்று. உதடு உள்ளே சுருண்டது. கன்னத்தில் ஒரு குழி. பத்து நிமிஷம், கொஞ்சம் மெழுகு, எல்லாம் சரியாகிவிடும். கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு படியேறப் பழகினாள்.

பத்தாம் நாள் தாங்க முடியவில்லை. முகத்தைத் தொடுவதில்லை என்றுதான் சபதம்; முடியைப் பற்றிப் பேச்சே வரவில்லையே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். காய்ந்த சோளக்கதிர் நாரில் செய்த முடி அது, காற்றில் கலைந்து கிடந்தது. அதைச் சீவி, சுருள் வைத்து, ஸ்ப்ரே அடித்து, பக்க வகிடு எடுத்து, வெள்ளிக்கிழமை சலூனிலிருந்து எழுந்து போகிறவள் மாதிரி ஆக்கிவிட்டுத்தான் உள்ளே போனாள். கீழே முகம் பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மேலே ஒரு முடிகூட விலகவில்லை.

இருபத்தேழாம் தேதி காலை காபிக் கோப்பையோடு கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். மெல்லிசாகச் சீவின இமைகள் இரண்டும் இரவில் கரைந்து உள்ளே விழுந்துவிட்டன. பூசணி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. அவள் கையில் உருவான முகங்களில் தானாகவே கண் திறந்த முதல் முகம் அது. அவளுக்குப் பயமாக இருந்தது. பயமாக இருக்கிறதே என்று சந்தோஷமாகவும் இருந்தது.

"ஜீன், இங்க வா. எப்படி இருக்கு?"

ஜீன் வந்து பார்த்தான். ஒரு அடி பின்னால் நகர்ந்தான். "தலை நல்லா வாரியிருக்கே" என்றான்.

தாடை தொங்க ஆரம்பித்திருந்தது. இன்னும் மூன்று நாள் தாங்க வேண்டும். ஒரே ஒரு குச்சியால் முட்டுக் கொடுத்தால் என்ன என்று அவள் கேட்டதற்கு, "விடு மார்லிஸ்" என்றான். மூன்று நாளும் அவள் விட்டுவைத்தாள். முப்பதாம் தேதி சாயங்காலம் ஜீன் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, கன்றுக்குத் தீனி வைக்கும் தட்டில் அதை ஏந்தி, மேல் படியில் கைப்பிடி ஓரமாக வைத்தான். உள்ளே விளக்கு வைத்தாள். முகம் மொத்தமும் உள்ளிருந்து பழுப்பாக எரிந்தது.

ஆறு மணிக்குத் தீயணைப்பு நிலையத்துச் சங்கு ஊதியது. எதிர் வீட்டில் ட்வைலாவின் பொய்ச் சிரிப்பு இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டது. மார்லிஸ் வாசலுக்கு முதலில் ஒரு பூனையும் இரண்டு விண்வெளி வீரர்களும் வந்தார்கள். பூசணியை ஏறிட்டும் பார்க்கவில்லை. அந்த வீட்டில் எதையும் வெறித்துப் பார்க்கக் கூடாது என்றுகூடச் சொல்லி அனுப்பியிருப்பார்கள் போல. தரையைப் பார்த்தபடி ஏறி, சாக்லேட்டை மட்டும் பார்த்து, "ரொம்ப நன்றி, மிஸஸ் டெக்ரூட்" என்றார்கள். அடுத்து வந்த நாலு பேரும் அதேதான். பதினான்கு நாள் பட்ட பாடு வீண் என்று அவளுக்குத் தோன்றியது. அடுத்த வருஷம் விளக்கை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு டிவி பார்ப்பது என்று முடிவுகூடச் செய்துவிட்டாள்.

ஆறே முக்காலுக்கு கோடி ப்ராண்ட் வந்தான். அவன் அம்மா ஆர்லீனை மார்ச் மாதம் மார்லிஸ்தான் திருத்தி அனுப்பியிருந்தாள். அன்று கோடி மூன்று மணி நேரம் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, வந்தவர்களிடம் எல்லாம் கை குலுக்கினான். முகத்தில் ஒரு தசை அசையவில்லை. இப்போது ஒரு கையில் காபி, இன்னொரு கையைப் பிடித்தபடி ஆறு வயசு மகள் டெஸ்ஸா. அவள் அட்டைப்பெட்டியால் செய்த சோளம் அறுக்கும் இயந்திரமாக வேஷம் போட்டிருந்தாள். முன்னால் நீட்டிக்கொண்டிருந்த பற்களால் நடைபாதையே அடைபட்டது.

"இந்த வீட்ல ஜோக் வேணாம் கண்ணு. தேங்க்ஸ் மட்டும் சொல்லு" என்று கோடி ரகசியமாகச் சொன்னான். மார்லிஸுக்கு நன்றாகக் கேட்டது.

டெஸ்ஸாவின் பெட்டி படியேறும்போது கைப்பிடியில் சிக்கிக்கொண்டது. அதை விடுவிக்கத் திரும்பினவள், மூக்கு இடிக்கிற தூரத்தில் பூசணியை நேருக்கு நேர் பார்த்தாள். சுருள் கலையாத தலை. கறுத்த இரண்டு குழி. பெட்டி தட்டில் இடித்ததும், அதற்கென்றே காத்திருந்த மாதிரி, கீழ்த்தாடை மெதுவாகக் கழன்று, வாய் அகலத் திறந்து, தட்டில் சொத்தென்று விழுந்தது.

டெஸ்ஸா போட்ட கூச்சல் தானியக் கிடங்கு வரை கேட்டதாக, இரவு வேலைக்குப் போயிருந்த ஜீன் பிறகு சொன்னான். அவள் பின்னால் பாய்ந்தாள். இயந்திரம் அப்பாவின் முட்டியில் இடித்தது. கோடி, "யேசுவே!" என்றும், அதைத் தொடர்ந்து பிள்ளைகள் கேட்கக் கூடாத வேறொன்றும் சொல்லிக்கொண்டே, காபியோடு படியோரச் செடிக்குள் மல்லாக்க விழுந்தான்.

செடிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறானோ என்று மார்லிஸ் பதறி எட்டிப் பார்த்தாள். கோடி சட்டையெல்லாம் காபியாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். நிறுத்த முயன்றான், முடியவில்லை.

"அது ஏன் வாயைத் திறந்துச்சு?" என்று டெஸ்ஸா மூச்சிரைக்கக் கேட்டாள்.

"ஜோக் சொல்ல வந்திருக்கும்" என்றாள் மார்லிஸ். "வேற யாரும் சொல்லலையேன்னு."

டெஸ்ஸா யோசித்தாள். "எனக்கு ஒண்ணு தெரியும்."

"டெஸ்ஸா..." என்றது செடி.

"நீ சும்மா இரு கோடி" என்றாள் மார்லிஸ். "நீ சொல்லு கண்ணு."

டெஸ்ஸா பெட்டியை நிமிர்த்திக்கொண்டு நேராக நின்றாள். "எலும்புக்கூடு சூப் குடிச்சா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்?"

"தரையைத் துடைக்கணும்!"

மார்லிஸின் முகம் முதலில் அசையவில்லை. அத்தனை வருஷம் அசையாமல் வைத்திருந்த முகம், அதற்குச் சிரிக்கிற வழி மறந்துபோயிருந்தது. அப்புறம் ஏதோ உடைந்தது. வாத்து கத்துகிற மாதிரி ஒரு சிரிப்பு, அழகே இல்லாதது, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி வந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. இத்தனை நாள் இதற்காகத்தானே காத்திருந்தோம் என்று நினைத்ததும் இன்னும் கொஞ்சம் வந்தது.

எதிர் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. அந்தச் சத்தத்தைத் தெருவில் யாரும் அதுவரை கேட்டதில்லை. ட்வைலா மிட்டாய்க் கிண்ணத்தோடு வெளியே ஓடிவந்து கத்தினாள்: "மார்லிஸ்! ஐயையோ, யாருக்கு என்ன ஆச்சு? யாரு போயிட்டா?"

"யாரும் போகலை ட்வைலா. தரையைத் துடைக்கணும், அவ்வளவுதான்."

தெருவில் அங்கங்கே நின்றுவிட்ட வேஷங்கள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பின. முதலில் விண்வெளி வீரர்கள் திரும்பி வந்தார்கள், தாடை விழுந்த பூசணியைப் பார்க்க. அவர்களுக்குப் பின்னால் பூனை. அதற்குப் பின்னால் ஊர். ஆளுக்கு ஒரு கூச்சல் போட்டுவிட்டு, தாய் தகப்பன் வாயைப் பொத்துவதற்குள் ஆளுக்கு ஒரு ஜோக் சொன்னார்கள். ஏழேகாலுக்குச் சாக்லேட் தீர்ந்துபோகவே, ஜீனின் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த ஆப்பிள்களைக் கொடுத்தாள். யாரும் குறை சொல்லவில்லை. டெஸ்ஸாவின் ஜோக் தெருவில் வேகமாகப் பரவியிருந்தது. எட்டு மணிச் சங்கு ஊதுவதற்குள் அந்தச் சூப் ஜோக்கை மட்டும் அவள் பதினோரு தடவை கேட்டாள். பதினோரு தடவையும், தெரியாதவள் மாதிரி குனிந்து, "என்ன ஆகும்?" என்று கேட்டாள்.